வாக்குச்சீட்டும் பயணச்சீட்டும்: மாநகர சபைத் தேர்தல்களிற் போக்குவரத்துக் கொள்கை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மன்னார்த் தீவின் வடகரையில், மன்னார் நகருக்கு அண்மையில் அமைந்துள்ள கடலோரக் கிராமம் கீரி. 2025 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் திகதி இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றபோது தீவின் ஏனைய ஊரவரைப் போலக் கீரி மக்களும் வாக்களிக்க அழைக்கப்பட்டனர். அவ்வூரார் ஒருவர் வீட்டைவிட்டு வெளியே செல்வதற்கு எவற்றை நம்பியிருக்கிறார் என்பதை முதலில் நோக்குவோம். ஊரின் உள்வீதி, மதவாச்சியிலிருந்து மன்னார் ஊடாகத் தலைமன்னார் செல்லும் ஏ-14 நெடுஞ்சாலை, அச்சாலையில் ஓடும் பஸ்வண்டி, தீவைக் குறுக்கறுத்துச் செல்லும் புகையிரதம் ஆகிய நான்குமே அவருக்குரிய போக்குவரத்துச் சாதனங்கள். இவற்றுள் உள்வீதி ஒன்றே உள்ளூராட்சி மன்றத்தின் கைக்குள் வரக்கூடியது. நெடுஞ்சாலை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. பஸ்வண்டி அரசினுடையதாயின் கொழும்பிலே தலைமையகத்தைக் கொண்ட இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குரியது. தனியாருடையதாயின் மாகாண எல்லைக்குள் அதற்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது வட மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. பயணக் கட்டணம் தேசிய மட்டத்திலேயே நிர்ணயிக்கப்படுகிறது. புகையிரதம் முற்றிலும் மத்திய அரசினது.

இந்நிலையில், உள்ளூராட்சி வேட்பாளர் ஒருவர் ஊராரிடம் வந்து போக்குவரத்தைப் பற்றிப் பேசுவாராயின் அவர் எதைப் பேசுகிறார்? வீதி விளக்கு, வடிகால், பஸ் தரிப்பிடம், முச்சக்கரவண்டித் தரிப்பிடம் ஆகியவற்றைப் பற்றி அவர் உண்மையாகவே பேசலாம். மாலை ஆறு மணிக்குப் பின் மன்னாரிலிருந்து திரும்பும் பெண்ணுக்கு வண்டி உண்டா, மீன்பெட்டியுடன் ஏறுபவரை நடத்துனர் ஏற்றுவாரா, பாடசாலைப் பிள்ளையின் பருவச்சீட்டுக்கு யார் செலவை ஏற்பது என்பன பற்றி அவர் பேசுவதெல்லாம் மனுக்கொடுக்கும் வாக்குறுதியே அன்றி முடிவெடுக்கும் வாக்குறுதியாகாது. இந்நிலை இயற்கையாக ஏற்பட்டதன்று. உலகின் பல நகரங்களில் வாக்குரிமையும் போக்குவரத்து அதிகாரமும் ஒருகாலத்தில் ஒரே மன்றத்திற் கூடியிருந்தன. பின்னர் பிரிந்தன, சில இடங்களிற் பிரிக்கப்பட்டன. அப்பிரிவின் வரலாற்றைக் கொழும்பையும் இலண்டனையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு ஆராய்ந்து, பின்னர் மன்னாருக்கு மீள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னார்த் தீவின் போக்குவரத்து வரலாறே உள்ளூர் மக்களைக் கேளாது எழுதப்பட்ட ஒன்று என்பதை இங்கு மனங்கொள்ளுதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்ட தமிழகத்துத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரையான நெடுவழியை நடந்தே கடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மடிந்தோர் பலர். 1914 ஆம் ஆண்டிற் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. தபாலும் தோட்டத்துக்கான ஆட்களும் தடையின்றிச் செல்லவேண்டும் என்பதே அப்பாதையின் பொருளாதார அடிப்படை. பேசாலையானும் தோட்டவெளியானும் அதனாற் பயன்பெற்றான் என்பது உண்மையே. ஆயின் அது அவனுக்காக இடப்பட்ட பாதையன்று. 1964 டிசெம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. அதே ஆண்டு ஒக்ரோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக, மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட பெருந்தொகையான தொழிலாளர் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கே கப்பலேறினர். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டின் தேர்தற் திருத்தத்தாலும் வாக்கிழந்தவர்களும் அவர்களது பிள்ளைகளுமே அவர்களுட் பெரும்பாலோர் என்பதை நினைவிற் கொள்ளின், இத்தீவின் இறங்குதுறை குடியுரிமை வரலாற்றிலும் ஓர் இடத்தைப் பெறுகிறது.

1990 இல் யுத்தத்தினாற் புகையிரதப் பாதையும் தாம்போதிப் பாலமும் அழிந்தன. அவ்வாண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட தீவின் முஸ்லிம் மக்களிற் பலர் கடல் வழியாகவே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். பாலம் யப்பானிய உதவியுடன் 2010 இலும், புகையிரதப் பாதை இந்திய உதவியுடன் 2015 இலும் மீண்டன. இவற்றில் எந்தவொரு முடிவிலும் மன்னாரின் உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தீர்மானிக்கும் பங்கு இருக்கவில்லை. பாலமும் பாதையும் இவ்வளவு பெரியவை என்பதால் அதனை நியாயப்படுத்தலாம். அந்நியாயம் மாலை நேரப் பஸ்வண்டிக்கும் பொருந்துமா என்பதே எமது கேள்வி.

இனிக் கொழும்பை நோக்குவோம். கொழும்பு மாநகர சபை 1865 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தாற் தோன்றியது. அதன் தொடக்ககால வாக்காளர் சொத்துடையோர். சோலைவரி செலுத்துபவனே நகரத்தின் உரிமையாளன், ஏனையோர் அதில் வாழ்வோர் மட்டுமே என்ற கருத்து அச்சட்டத்தின் உள்ளுறையாக இருந்தது. இக்கருத்தை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். நூறாண்டுகளுக்கும் மேலான பின்னர் இலண்டனில் அது நீதிபதிகளின் வாய்மொழியாக மீண்டும் தோன்றுவதைக் காண்போம்.

1899 ஆம் ஆண்டிற் கொழும்பில் மின்சார ட்ராம்வண்டி ஓடத் தொடங்கியது. நகரின் மையத்திலிருந்து கிராண்ட்பாசுக்கும் பொரளைக்கும் செல்லும் இரு பாதைகள் அதற்கு அமைந்தன. உரிமை ஆங்கில வணிக நிறுவனத்துக்கு, வீதி நகரத்துக்கு. துறைமுகத்திலும் பண்டகசாலைகளிலும் வேலைசெய்தோர், கடைச்சிப்பந்திகள், எழுதுவினைஞர் ஆகியோரே பெரும்பான்மைப் பயணிகள். ரிக்‌ஷாவும் மாட்டுவண்டியும் நெருங்கிய வீதிகளிற் கணகணவென்று மணியடித்துச் சென்ற அவ்வண்டியைப் பற்றிய நினைவுகள் பழைய கொழும்புவாசிகளிடம் நெடுங்காலம் நிலைத்தன. அந்நினைவுகளில் ஏக்கமே மிகுதி. வண்டியை ஓட்டியவனின் சம்பளம் அதில் இடம்பெறுவதில்லை.

அச்சம்பளமும் வேலைநிலைமையுமே 1929 இன் தொடக்கத்தில் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையிலான தொழிற்சங்கம் நடத்திய ட்ராம் வேலைநிறுத்தத்துக்குக் காரணமாயின. பெப்ரவரியில் மருதானையிற் கலவரம் மூண்டது. பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் இது ஒரு திருப்பம். அவ்வாண்டிலேயே முதலாளிமார் சம்மேளனம் உருவாகித் தொழிற்சங்கத்துடன் கூட்டு உடன்படிக்கை ஒன்றுக்கு வந்தது. எமது நோக்கில் இதனிலும் முக்கியமானது வேறொன்று. நகரப் போக்குவரத்து என்பது கம்பனிக்கும் பயணிக்கும் இடையிலான கொடுக்கல்வாங்கல் மட்டுமன்று, அது நகரத்தின் பொதுப் பிரச்சினை என்பதை அவ்வேலைநிறுத்தம் வெளிப்படுத்தியது. பொதுப் பிரச்சினையாயின் அதற்குப் பொறுப்பான மன்றம் எது? இரண்டாண்டுகளின் பின், 1931 இல், டொனமூர் அரசியலமைப்பு நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமையை வழங்கியது. அக்கேள்வியின் கூர்மை அதனால் மிகுந்தது. குணசிங்கவின் இயக்கம் அடுத்த பத்தாண்டிற் கொழும்பிலிருந்த மலையாளித் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியதையும் இங்கு மறைத்தல் ஆகாது. தொழிலாளரை ஒன்றுசேர்த்த அதே கையே அவர்களைப் பிரிக்கவும் செய்தது.

1937 இற் கொழும்பு மாநகர சபை தனது மேயரைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமையைப் பெற்றது. முதலாவது மேயர் தமிழரான டாக்டர் இரத்தினஜோதி சரவணமுத்து. 1944 இல் ட்ராம் சேவையை மாநகர சபை பொறுப்பேற்றது. இதன் பொருள் யாதெனில், அவ்வாண்டு முதல் ட்ராம் கட்டணத்தைக் கூட்டுவதா குறைப்பதா, பழைய வண்டிகளை வைத்திருப்பதா மாற்றுவதா, நட்டத்தைச் சோலைவரியிலிருந்து ஈடுசெய்வதா என்பன தேர்தலுக்கு நிற்பவர் பதிலளிக்கவேண்டிய வினாக்களாயின. 1953 இல் மாநகர சபை மின்கம்பியால் இயங்கும் ட்ரொலிபஸ் வண்டிகளை அறிமுகப்படுத்தியது. 1954 இல் லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர் டாக்டர் என். எம். பெரேரா மேயரானார், 1956 வரை அப்பதவியை வகித்தார். தனக்கெனப் போக்குவரத்துச் சேவையை உடைய ஒரு தலைநகரின் மன்றத்துக்கு மார்க்சியவாதி ஒருவர் தலைமை தாங்கிய அவ்விரு ஆண்டுகள் எமது வரலாற்றில் மிகக் குறைவாகவே ஆராயப்பட்டுள்ளன. அவரைப் பாராளுமன்ற நடைமுறை வல்லுநராகவும் நிதியமைச்சராகவும் நினைவுகூரும் எமது இடதுசாரி எழுத்துக்கள், மேயராக அவர் வகித்த இடத்தைப் பெரும்பாலும் ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன. தேசிய அதிகாரமே உண்மை அதிகாரம், நகரசபை அதற்கான பயிற்சிக்களம் என்ற மனப்பாங்கு இதற்குக் காரணமாகலாம்.

நகரத்துக்கு வெளியே நிலைமை வேறு. அங்கு பஸ்வண்டிகள் தனியார் கம்பனிகளுடையவை. 1942 ஆம் ஆண்டின் அனுமதிச் சட்டம் தெருப்போட்டியைக் கட்டுப்படுத்தி, ஒவ்வொரு பாதையையும் ஒவ்வொரு கம்பனியிடம் ஒப்படைத்தது. போட்டியின் அராஜகம் குறைந்தது. பதிலாக ஏகபோகம் வளர்ந்தது. பஸ் முதலாளிகள் அரசியலில் ஆழக் காலூன்றினர். தெற்குக் கரையோரத்துப் பஸ் கம்பனியின் அதிபரான சர் சிறில் டி சொய்சா செனற் சபையின் தலைவராகவும் விளங்கினார் என்பது ஒன்றே அக்காலச் சூழலை உணர்த்தப் போதுமானது. தேர்தல் நாளில் வாக்காளரை ஏற்றியிறக்க வாகனம் வைத்திருப்போர் யார் என்பது முடிவையே மாற்றக்கூடியதாக இருந்தது. 1956 இல் மக்கள் ஐக்கிய முன்னணி வெற்றியீட்டியபின், தனியார் வாகனங்களில் வாக்காளரை ஏற்றிச் செல்வதை 1959 ஆம் ஆண்டின் தேர்தற் திருத்தச் சட்டம் தடைசெய்தது.

இச்சட்டத்தைப் பற்றிப் பேசுகையில் ஒரு பிற்கால நிகழ்ச்சியைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. 2019 நவம்பர் 16 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்தில் வாழ்ந்த, மன்னாரில் வாக்காளராகப் பதிவுபெற்றிருந்த முஸ்லிம் மக்களை ஏற்றிச் சென்ற நூற்றுக்கு மேற்பட்ட பஸ்வண்டிகளின் அணி தந்திரிமலைப் பகுதியிற் துப்பாக்கிச் சூட்டுக்கும் கல்வீச்சுக்கும் இலக்காயிற்று. பயணிகள் பின்னர் மன்னாரை அடைந்து வாக்களித்தனர். அவ்வண்டிகளின் செலவை யார் ஏற்றது என்பதும் சர்ச்சைக்குள்ளானது. செல்வர் தம் வாகனத்தால் வாக்கை வாங்கலாகாது என்பதற்காக எழுந்த ஒரு கோட்பாடு, வேரோடு பெயர்க்கப்பட்ட ஏழை வாக்காளன் தன் ஊருக்குச் சென்று வாக்களிக்க வண்டியின்றி நிற்கும் நிலையை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. பொதுப் போக்குவரத்தும் வாக்குரிமையும் ஒன்றையொன்று தொட்டு நிற்பதற்கு இதனினும் நேரடியான சான்று எமக்குக் கிடைக்கவில்லை.

மீண்டும் 1950களுக்கு வருவோம். 1958 ஜனவரி முதலாம் திகதி எழுபதுக்கு மேற்பட்ட தனியார் கம்பனிகளின் பஸ்சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உதயமாயிற்று. இடதுசாரி இயக்கத்தின் நீண்டநாட் கோரிக்கை நிறைவேறியது. இதன் முற்போக்குத் தன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இலாபம் தரும் பாதையின் வருவாயைக்கொண்டு இலாபம் தராத பாதைக்கும் வண்டி அனுப்பும் ஏற்பாடு இதனாலேயே சாத்தியமாயிற்று. மன்னார் போன்ற, மக்கட்செறிவு குறைந்த வரண்ட மாவட்டங்களின் கிராமங்களுக்கு வண்டி செல்வதற்கும், பிள்ளைகள் குறைந்த விலைப் பருவச்சீட்டுடன் நகரப் பாடசாலைக்குச் செல்வதற்கும் அதுவே அடிப்படை. தனியார் முதலாளி எவரும் இலாபத்தை முன்னிட்டு இதனைச் செய்திருக்கமாட்டார்.

எனினும் அதே நடவடிக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. பஸ்வண்டியின் உடைமை முதலாளியிடமிருந்து அரசுக்கு மாறியது. பயணிக்கு அண்மையில் வரவில்லை. பாதையும் நேரமும் கட்டணமும் கொழும்பிலிருந்த ஒரு சபையால், இறுதியில் அமைச்சரால், முடிவுசெய்யப்பட்டன. தனக்கெனச் சேவையை வைத்திருந்த ஒரே பெருநகர மன்றமும் அதனை இழந்தது. கொழும்பின் கடைசி ட்ராம்வண்டி 1960 இல் நின்றது. ட்ரொலிபஸ் 1964 இல் நின்றது. அவற்றின் இடத்தைப் போக்குவரத்துச் சபையின் டீசல் வண்டிகள் நிரப்பின. தண்டவாளம் வீதியை அடைத்தது, வண்டிகள் பழமையடைந்தன என்ற தொழில்நுட்பக் காரணங்கள் கூறப்படுவது வழக்கம். அவற்றில் உண்மை உண்டு. ஆனால் அத்துடன் மறைந்தது வண்டி மட்டுமன்று. கட்டணத்தைப் பற்றி மேயரிடம் நேரே கேள்வி கேட்கும் நகரவாசியின் உரிமையும் அதனுடன் மறைந்தது. இதற்காக அன்று எந்த இடதுசாரிக் கட்சியும் வருந்தியதாகத் தெரியவில்லை. தேசியமயம் என்பதும் மக்கள்மயம் என்பதும் ஒன்றெனவே அக்காலத்தில் நம்பப்பட்டது.

சென்னையின் அனுபவமும் இதனை ஒத்ததே. 1895 இற் தொடங்கிய அந்நகரின் ட்ராம் 1953 இல் நின்றது. பஸ்சேவை மாநில அரசின் கைக்குச் சென்றது. 2021 மே மாதத்திற் தமிழக அரசு சாதாரண நகரப் பேருந்துகளிற் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுவேலை செய்யும் பெண்ணின் வருமானத்தில் ஒரு பங்கு பஸ் கட்டணமாகப் போவதைத் தடுத்த அத்திட்டம், சட்டமன்றத் தேர்தலின் விளைவு. 2022 பெப்ரவரியில் நடந்த சென்னை மாநகராட்சித் தேர்தலில் வென்றோருக்கு அவ்வண்டிகளின்மீது அதிகாரம் இல்லை.

மாநகர மன்றம் ஒன்று போக்குவரத்துக் கட்டணத்தையே தேர்தற் பிரச்சினையாக்கி, மக்களாணையைப் பெற்று, அதனை நிறைவேற்றவும் முனைந்தால் என்ன நிகழும்? இதற்கு விடையளிப்பது இலண்டன். அங்கு 1981 மே 7 ஆம் திகதி நடைபெற்ற பெரிய இலண்டன் சபைத் தேர்தலிற் தொழிற்கட்சி வெளியிட்ட விஞ்ஞாபனம் பஸ், நிலக்கீழ் இரயில் கட்டணங்களைக் காற்பங்கு குறைப்பதாக உறுதியளித்தது. தனியார் கார்களின் பெருக்கத்தாற் பயணிகள் குறைந்து, பயணிகள் குறைந்ததாற் கட்டணம் கூடி, கட்டணம் கூடியதால் மேலும் பயணிகள் விலகும் நச்சுவட்டத்தை உடைப்பதே அதன் தருக்கம். கட்சி வென்றது. மறுநாளே கட்சியின் சபைக் குழு தன் தலைவரை மாற்றிக் கென் லிவிங்ஸ்ரனைத் தெரிந்தமை வேறொரு கதை. ஒக்ரோபரிற் கட்டணங்கள் சராசரி 32 சதவீதம் குறைக்கப்பட்டன. சிக்கலான கட்டண அட்டவணைக்குப் பதிலாக வலய முறை வந்தது. பயணிகள் தொகை உயர்ந்தது.

செலவை ஈடுசெய்ய நகரப் பிரிவுகளிடமிருந்து மேலதிகச் சோலைவரி கோரப்பட்டது. அன்றைய தட்சர் அரசாங்கம் அதிகம் செலவிடும் சபைகளின் மானியத்தை வெட்டும் முறையைக் கைக்கொண்டிருந்ததால், வரி செலுத்துவோரின் சுமை ஏறத்தாழ இருமடங்காயிற்று. தென்கிழக்குப் புறநகர்ப் பிரிவான புறொம்லி வழக்குத் தொடுத்தது. பழைமைபேண் கட்சியின் ஆதிக்கத்திலிருந்த அப்பிரிவில் நிலக்கீழ் இரயில் நிலையம் ஒன்றுகூட இல்லை. அங்கிருந்து நகருக்குச் செல்வோர் பெரும்பாலும் பயன்படுத்திய தேசிய இரயிலுக்குக் கட்டணக் குறைப்புப் பொருந்தவும் இல்லை. ஆகவே புறொம்லியின் முறைப்பாட்டை வெறும் செல்வந்தரின் சுயநலம் என்று தள்ளிவிடல் நேர்மையன்று. தமக்குக் கிடைக்காத ஒன்றுக்கு வரி செலுத்துவோரின் குரலும் அதிலிருந்தது. ஆயின் நீதிமன்றங்கள் அக்குறையைத் திருத்தும்படி சபைக்குக் கூறியதுடன் நிற்கவில்லை.

1981 நவம்பரில் டெனிங் பிரபுவின் தலைமையிலான மேன்முறையீட்டு மன்றமும், டிசெம்பர் 17 ஆம் திகதி பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளும் ஏகமனதாகச் சபைக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். 1969 ஆம் ஆண்டின் இலண்டன் போக்குவரத்துச் சட்டத்தில் ஒருங்கிணைந்த, திறமையான, சிக்கனமான சேவை என்றிருந்த சொற்றொடரே வழக்கின் அச்சாணியாயிற்று. இயன்றவரை நட்டமின்றி வணிக முறையில் நடத்தப்படவேண்டியது போக்குவரத்து என்று அச்சொல்லுக்குப் பொருள் காணப்பட்டது. அத்துடன், சோலைவரி செலுத்துவோரின் பணத்துக்குச் சபை ஒரு தருமகர்த்தாவைப் போன்ற நம்பிக்கைக் கடப்பாடு உடையது என்றும் கூறப்பட்டது. தேர்தல் விஞ்ஞாபனத்தை நிறைவேற்றுவது தம் கடமை என்ற சபையின் வாதத்தையும் நீதிபதிகள் ஏற்கவில்லை. விஞ்ஞாபனம் சபையைக் கட்டுப்படுத்தும் பத்திரமன்று, பதவிக்கு வந்தபின் விடயத்தைப் புதிதாக ஆராய்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்பது டெனிங் பிரபுவின் நிலைப்பாடு.

இந்த நம்பிக்கைக் கடப்பாட்டுக் கோட்பாடு 1981 இற் பிறந்ததன்று. கிழக்கு இலண்டனின் பொப்லர்ச் சபை தன் ஊழியருக்கு ஆண் பெண் வேறுபாடின்றி உயர்ந்த குறைந்தபட்ச ஊதியம் கொடுத்தமை சட்டவிரோதம் என்று 1925 இல் தீர்க்கப்பட்டபோதும், பேர்மிங்காம் மாநகரம் முதியோருக்குத் தன் பஸ்களில் இலவசப் பயணம் வழங்கியமை சட்டவிரோதம் என்று 1954 இல் தீர்க்கப்பட்டபோதும் இதே தருக்கமே கையாளப்பட்டது. பேர்மிங்காம் வழக்கின்பின், நடைமுறையிலிருந்த சலுகைகளைக் காப்பதற்குப் பாராளுமன்றம் 1955 இற் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. மூன்று வழக்குகளிலும் நாம் காண்பது, சொத்துடையோர் மட்டும் வாக்களித்த பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சபையின் சாயலையே. வாக்குரிமை சகலருக்கும் விரிந்தது. வாக்களித்தோரின் விருப்பத்துக்கு மேலாக வரிசெலுத்துவோரின் நலன் என்ற பழைய வேலி மட்டும் நீதிமன்றத்திற் பேணிக்காக்கப்பட்டது. வாடகை வீட்டில் இருப்பவனும் வாடகையின் ஊடாக வரி செலுத்துகிறான் என்பதும், பஸ் ஓடாவிடின் கடைக்காரனுக்கு வாடிக்கையாளன் வரமாட்டான் என்பதும் இத்தருக்கத்துக்குள் நுழைய இயலவில்லை.

1982 மார்ச்சிற் கட்டணங்கள் இருமடங்களவு உயர்ந்தன. பயணிகள் குறைந்தனர். சபை மனந்தளராது, சட்டத்துக்குப் பொருந்தும் வகையில் திட்டத்தைத் திருத்தி, 1983 மே மாதத்திற் கட்டணத்தை மீண்டும் காற்பங்கு குறைத்தது. ஒரே சீட்டில் பஸ்ஸிலும் நிலக்கீழ் இரயிலிலும் செல்லும் முறையும் அப்போதே வந்து இன்றுவரை நிலைத்துள்ளது. நீதிமன்றம் சாதிக்காததை அரசாங்கம் சாதித்தது. 1984 இற் போக்குவரத்து சபையிடமிருந்து பறிக்கப்பட்டது. 1986 மார்ச் 31 உடன் சபையே கலைக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுகளின் பின், 2000 ஆம் ஆண்டில், மேயரைத் தெரிவுசெய்யும் உரிமை இலண்டன் மக்களுக்குக் கிடைத்தது. பஸ்சேவை அம்மேயரின்கீழ் வந்தது. மக்கள் தெரிந்தது அதே லிவிங்ஸ்ரனை. 2005 முதல் பதினாறு வயதுக்குட்பட்டோர் பஸ்ஸில் இலவசமாகப் பயணித்தனர். அதிகாரமும் வாக்கும் மீண்டும் ஒரு கூரையின்கீழ் வந்ததன் விளைவு இது.

ஒரு கூரையின்கீழ் வராவிடின் நிகழ்வதை நியூயோர்க் காட்டுகிறது. 2025 நவம்பர் 4 ஆம் திகதி அங்கு மேயராகத் தெரிவான சொஹ்ரான் மம்தானியின் முதன்மை வாக்குறுதிகளில் ஒன்று நகர பஸ்களைக் கட்டணமின்றி, விரைவாக ஓடச் செய்வது. ஆனால் அவ்வண்டிகளை நடத்துவது மாநில அரசினால் உருவாக்கப்பட்ட பெருநகரப் போக்குவரத்து அதிகார சபை. அதன் தலைமையை நியமிப்பவர் மாநில ஆளுநர். பஸ்ஸுக்குத் தனி ஒழுங்கை அமைப்பது மேயரின் கையில் உண்டு, கட்டணத்தை நீக்குவது இல்லை. உலகின் செல்வமிக்க நகரத்தின் மேயரும் கீரி வட்டாரத்து வேட்பாளரும் இவ்வகையில் ஒரே நிலையில் நிற்கின்றனர் என்றால் மிகையாகத் தோன்றலாம். அதிகாரப் பகிர்வை மட்டும் நோக்கின் அது மிகையன்று. இதற்கு மாறாக எஸ்தோனியத் தலைநகர் தாலின் 2012 இல் நகரவாசிகளிடையே வாக்கெடுப்பு நடத்தி, 2013 ஜனவரி முதல் பதிவுபெற்ற வாசிகளுக்குக் கட்டணத்தை நீக்கியது. சேவை நகரத்தினது, வாசிகளின் வருமான வரியில் ஒரு பங்கும் நகரத்துக்கு வருகிறது, சலுகைக்காகப் பலர் நகரத்திற் பதிந்துகொண்டதால் அவ்வருவாயும் கூடியது. அங்கும் பயணிகள் தொகை எதிர்பார்த்த அளவு பெருகியதா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அது நகரம் எடுத்த முடிவு. தவறாயின் திருத்தவும் நகரத்தால் முடியும்.

இனி மன்னாருக்கு மீள்வோம். 1978 இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை பிராந்திய சபைகளாகப் பிரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே தனியார் பஸ்களுக்கு வழி திறக்கப்பட்டது. 1990களிற் சேவைகள் மக்கள்மயமாக்கல் என்ற பெயரிற் கம்பனிகளாயின. 2005 ஆம் ஆண்டின் சட்டம் அவற்றை மீண்டும் ஒரு சபையாக இணைத்தது. பெயர்ப்பலகைகள் மாறிய இவ்வரலாற்றில் ஒரு தடவையேனும் உள்ளூராட்சி மன்றத்துக்கு இடம் அளிக்கப்படவில்லை. 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தம் மாகாணத்துக்குச் சில போக்குவரத்து அதிகாரங்களை வழங்கிற்று. அதே ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் கிராம மக்களுக்கு அண்மையான ஒரு மன்றத்தை உருவாக்கியது. ஆனால் மாகாணத்துக்கும் பிரதேச சபைக்கும் இடையே பஸ் பாதைகள் குறித்து ஒரு தொடுப்பும் வகுக்கப்படவில்லை. மன்றத்திடம் விடப்பட்டது பஸ் நிலையமும் அதைச் சுற்றிய கடைகளின் வாடகையும் துப்புரவும் மட்டுமே.

நகரசபையோ பிரதேச சபையோ பஸ்வண்டி வாங்கி ஓட்டவேண்டும் என்பது எமது வாதமன்று. சோலைவரி வருவாய் சொற்பமான ஒரு தீவுச் சபையால் அது இயலாது. கிராமப் பாதைகளின் நட்டத்தைத் தாங்கத் தேசிய அமைப்பு அவசியம் என்பதை மேலே ஏற்றுக்கொண்டோம். எமது வாதம் சிறியது. எப்பாதையில் எந்நேரத்தில் வண்டி ஓடவேண்டும் என்ற தீர்மானம் பணம் கொடுக்கும் இடத்திலிருந்து பிரிக்கப்படக்கூடியது. பணம் மத்திய அரசினதாக இருக்க, நேர அட்டவணையை உள்ளூர் மன்றத்தின் இணக்கத்துடன் மட்டுமே மாற்றலாம் என்று சட்டம் இடம்பெறின், வட்டாரத் தேர்தலில் மாலைப் பஸ் ஓர் உண்மையான பிரச்சினையாகும். அப்போது வேட்பாளர் அளிக்கும் வாக்குறுதியை அடுத்த தேர்தலில் அளந்து பார்க்கவும் முடியும். அரச வண்டிக்கும் தனியார் வண்டிக்கும் இடையே நேரம் குறித்துப் பஸ் நிலையங்களிற் தகராறு எழும்போதெல்லாம் அதில் தலையிட உரிமையற்ற ஒரே தரப்பாகப் பயணி நிற்பதும் ஓரளவு குறையும்.

இப்போதைக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகார சபை மாகாணத்தின்கீழ் உள்ளது. வட மாகாண சபைக்கு முதலாவது தேர்தல் 2013 செப்ரெம்பரில் நடந்தது. அதன் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. கீரி மக்கள் 2025 மே 6 இல் உள்ளூராட்சி மன்றத்துக்கு வாக்களித்த நாளில், மாகாண சபை கலைந்து ஆறரை ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்கான தேர்தல் அன்றுவரை நடத்தப்பட்டிருக்கவில்லை. மாகாண நிருவாகம் ஜனாதிபதியால் நியமிக்கப்பட்ட ஆளுநரிடமே இருந்தது.